ஒரு வார இரவல்

ஹோல்கேட், நெப்ராஸ்கா
நவம்பர் 4, 2015

அன்புள்ள நோரீன்,

தொலைபேசியில் பேசினால் நீ பாதியில் வைத்துவிடுகிறாய், ஆகவே எழுதுகிறேன். கடிதத்தை நீ கிழித்துப் போடலாம். ஆனால் கிழிக்கும்முன் உறையைப் பிரிப்பாய், பிரித்தால் படிப்பாய். இருபத்தெட்டு ஆண்டுகள் ஷெரிஃப் அலுவலகத்தில் துணை அதிகாரியாக இருந்தவள், கைக்கு வந்த காகிதத்தைப் படிக்காமல் விடமாட்டாள் என்பது என் துணிபு.

அக்டோபர் 20 காலை உன் பண்ணையில் நடந்ததை, எனக்குத் தெரிந்த வரையில், வரிசையாகச் சொல்கிறேன். தவறிருந்தால் திருத்து. ஆறரை மணிக்கு எழுந்தேன். நீ இன்னும் எழவில்லை என்று எண்ணினேன். மாட்டுக் கொட்டகையின் இழுவைக் கதவு முதல்நாள் முழுவதும் கிறீச்சிட்டு என் பல்லைக் கூசவைத்திருந்தது. அதற்குக் கிரீஸ் போட்டுவிட்டு உன்னிடம் பெருமையடித்துக்கொள்ளலாம் என்று புறப்பட்டேன். வெளியே பொடிப்பனி காற்றில் பறந்துகொண்டிருந்தது. என் மேலங்கி காரில் இருந்தது. பின்கதவு ஆணியில் தொங்கிய உன் கணவர் ராய்ஸின் கான்வாஸ் கோட்டை மாட்டிக்கொண்டேன். கொட்டகைக்குள் நின்று, கைப்பிடி வைத்த கிரீஸ் குழாயால் அடித்துக்கொண்டிருந்தபோது வாசலில் நீ வந்து நின்றாய். மூச்சுக் காற்றில் என் கண்ணாடி மங்கியிருந்ததால் நிழலுருவாக மட்டுமே தெரிந்தாய். "காபி வெச்சாச்சா?" என்று கேட்டேன். நீ திரும்பி வீட்டுக்குள் போய்விட்டாய். நான் கை கழுவிக்கொண்டு வந்தபோது, ஃபிரிட்ஜின் மேலிருந்த என் துப்பாக்கியைத் தொடாமல் விரலால் மட்டும் காட்டி, "அந்த இரும்ப எடுத்துக்கிட்டு இப்பவே கெளம்பு. இனிமே இந்தப் பக்கமே வராத" என்றாய்.

காரணம் எதுவாக இருக்கலாம் என்று மூன்றைக் கருதினேன். ஒன்று, ராய்ஸின் கோட்டு. அவர் இறந்து இரண்டாண்டுகள் ஆகியும் அது அதே ஆணியில் இருப்பதைக் கவனித்தும் கவனியாதவன்போல் நடந்துகொண்டேன், மன்னித்துவிடு. இரண்டு, அந்தக் கதவு. அதைத் தொங்கவிட்டவரும் அவரே; அதன் கிறீச்சலும் உனக்கு வேண்டியதாக இருந்திருக்கலாம். அதற்கும் மன்னிப்பு. மூன்று, முதல்நாள் தகர டப்பா சுடும் போட்டியில் என் இரும்புத் துப்பாக்கி உன் பிளாஸ்டிக் துப்பாக்கியைத் தோற்கடித்தது. அதன்பிறகே ஒரு வாரத்துக்கு இரண்டையும் மாற்றி வைத்துக்கொள்வோம் என்று பந்தயம் கட்டினோம். இதற்கு மன்னிப்புக் கேட்பதாக இல்லை.

உன் பக்கத்துப் பண்ணை லெலண்ட் ஒரு செய்தி சொன்னார். பிப்ரவரி 11 அன்று உனக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சை. ஆறு வாரங்களுக்கு வீட்டில் ஆள் துணை வேண்டுமாம். அதுவே பசுக்கள் கன்று ஈனும் காலமும். வருவேன் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. வரலாமா என்று கேட்க உண்டு, கேட்கிறேன்.

உன் அண்ணன்,
ஹார்லன்


டிரை ஃபோர்க், வயோமிங்
நவம்பர் 13

அண்ணா,

கோட்டு இல்லை. கதவு இல்லை. டப்பாக்களும் இல்லை. அன்று காற்று வலப்புறமிருந்து வீசியது, நீ சுடும்போது நின்றுவிட்டது, அவ்வளவுதான்.

அறுவைச் சிகிச்சைக்கு நீ வர வேண்டாம். சர்ச்சிலிருந்து ஒரு பெண் தினமும் ஒரு மணி நேரம் வந்து போவதாகச் சொல்லியிருக்கிறாள். கன்றுகளை லெலண்ட் பார்த்துக்கொள்வார். அவர் வாயை யார் பார்த்துக்கொள்வது என்று தெரியவில்லை.

கோபம் உன்மேல் இல்லை. ஆனால் நீ இங்கே வரக்கூடாது. இதற்குமேல் என்னைக் கேட்காதே.

நோரீன்


ஹோல்கேட்
நவம்பர் 29

அன்புள்ள நோரீன்,

"கோபம் உன்மேல் இல்லை, ஆனால் வரக்கூடாது." முப்பத்தோராண்டுகள் மாவட்ட அரசு வழக்கறிஞராக இருந்தவனிடம் இப்படி ஒரு தீர்ப்பை, காரணம் கூறாமல், அளிப்பது கொடுமை. எனினும் கேட்காதே என்றாய், கேட்கவில்லை.

நன்றியறிதல் நாளன்று வான்கோழியின் ஒரு காலை மட்டும் வாங்கி வாட்டித் தின்றேன். மறுநாள் துப்பாக்கிக் கழகத்துக்குப் போனேன். மருந்துக்கடை வெர்லின் உன் கட்சி. உன்னைப் போலவே கறுப்புப் பிளாஸ்டிக் வைத்திருக்கிறான். என்னைப் பார்த்ததும் ஆரம்பித்தான்.

"என்ன ஹார்லன், அந்த இரும்பத் தூக்கிட்டு வர ஆள் வெச்சிருக்கியா, நீயே சுமக்கறியா?"

"உன்னோடது எதுக்குப்பா சத்தம் போடுது? கடையில டப்பாவுக்கு வெலச்சீட்டு ஒட்டற மெஷின்தானே அது? டிக்குனு சொல்லிட்டு சும்மா இருக்க வேண்டியதுதானே?"

"இது பதினேழு தடவ டிக்குங்கும். உன்னோடது எட்டுல மூச்சு வாங்கிடும்."

"எட்டுல முடியாத காரியத்துக்கு நான் ஏன் போறேன்?"

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். யார் வென்றது என்று சொல்வதற்கில்லை; வெர்லின் அதிகப் புள்ளி எடுத்தான் என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

நீ இங்கிருந்திருந்தால் விடியும்வரை வாதாடியிருப்பாய். என் பக்கத்தை எழுதுகிறேன். மறுக்க விரும்பினால் மறுத்து எழுது. இரும்புச் சட்டத்தின் கனம் குறையன்று. சுடும்போது வரும் உதையை அந்தக் கனமே விழுங்கிக்கொள்கிறது. பிடியிலுள்ள வால்நட் பலகை முப்பத்தாறு ஆண்டுகளில் என் உள்ளங்கைக்கு ஏற்பத் தேய்ந்திருக்கிறது. விசை நேராகப் பின்னால் வரும். எந்த இடத்தில் விடுபடும் என்பது விரலுக்கு முன்கூட்டியே தெரியும். உன்னுடையதை அழுத்துவது நனைந்த சாக்குமூட்டையை அழுத்துவது போன்றது. எல்லாவற்றுக்கும் மேலாக, கட்டைவிரலால் ஏற்றி இறக்கும் அந்தப் பூட்டு. உங்கள் துப்பாக்கிகளில் அது இல்லை. குழலில் தோட்டாவை ஏற்றி, சுத்தியலைப் பின்னுக்கு இழுத்து நிறுத்தி, பூட்டைப் போட்டு வைப்பது எங்கள் முறை. நான் எப்போதும் அப்படியே வைக்கிறேன். பூட்டை இறக்காமல் விசை அசையாது. அது வெறும் பொறி அன்று, நோரீன். ஒரு மனிதன் தன் முடிவை மறுபரிசீலனை செய்ய அளிக்கப்படும் அவகாசம்.

பதிலை எதிர்நோக்கும்,
ஹார்லன்


டிரை ஃபோர்க்
டிசம்பர் 9

அண்ணா,

தூண்டில் போடுகிறாய் என்று தெரிகிறது. தெரிந்தே கடிக்கிறேன்.

முதலில் அது பிளாஸ்டிக் இல்லை, பாலிமர். பிளாஸ்டிக் என்பது உன் காபிக் கடைக் கரண்டி. இரண்டாவது, நீ துப்பாக்கியை வாரத்துக்கு ஒரு மாலை, ஹீட்டர் போட்ட கூடத்தில், இரண்டு மணி நேரம் பிடிக்கிறாய். நான் அதை நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் இடுப்பில் கட்டிக்கொண்டிருந்தேன். முதல் ஒன்பது வருஷம் இரும்புதான் கொடுத்தார்கள், பூட்டில்லாத ரிவால்வர். வலது இடுப்பில் இன்றைக்கும் மழை வந்தால் வலிக்கிறது. பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரியில் உன் இரும்பை வெறும் கையால் தொட்டிருக்கிறாயா? தோலைக் கேட்கும். வியர்வை பட்டால் துரு. சேறு பட்டால் சண்டித்தனம். பாலிமர் வந்த வருஷம் ஓடை வெள்ளத்தில் ஒருவனைத் துரத்திப் போய் நானும் துப்பாக்கியும் சேற்றில் புரண்டோம். வீட்டுக்கு வந்து தோட்டக் குழாயில் கழுவினேன். அடுத்த நாள் சுட்டது. என்னைக் கழுவத்தான் அதிக நேரம் பிடித்தது. ராய்ஸ் குழாயைப் பிடித்துக்கொண்டு, "மொதல்ல எதக் கழுவணும்? உசுரக் காப்பாத்தறதயா, சமைக்கறதயா?" என்று கேட்டார். சேற்றை வாரி அவர்மேல் அடித்தேன்.

தேவைப்படும் அன்று யோசிக்க எதுவும் இருக்கக்கூடாது. எடு, நீட்டு, அழுத்து. அதுதான் என் துப்பாக்கியில் எனக்குப் பிடித்தது. இத்தனை வருஷமும் அதைத்தான் சொல்லிவந்தேன்.

ஒன்று கேட்க வேண்டும். அந்தப் பூட்டு எந்த அளவுக்கு உறுதியானது? தேய்ந்த பழைய துப்பாக்கியில், பூட்டுப் போட்டிருக்கும்போது ஒருவர் முழுப் பலத்தோடு விசையை அழுத்தினால் விட்டுக்கொடுக்கும் வாய்ப்பு உண்டா? ஒருமுறை தாங்கினால் இரண்டாம் முறையும் தாங்குமா? நீ அதை என்னிடம் மாற்றிக் கொடுத்த அன்று, பூட்டைப் போட்டுத்தான் வைத்தாய் என்பது உனக்கு நிச்சயம்தானா?

சும்மா கேட்கிறேன்.

நோரீன்


ஹோல்கேட்
டிசம்பர் 18

அன்புள்ள நோரீன்,

உன் கடிதத்தின் முதல் பாதியைச் சிரித்துக்கொண்டே படித்தேன். இரண்டாம் பாதியை நின்றுகொண்டு படித்தேன்.

முப்பத்தோராண்டுகளில் நான் கற்ற பயனுள்ள பாடம் ஒன்றே. சாட்சி சொல்லும் பதிலைவிட, சாட்சி கேட்கும் கேள்வி அதிகம் சொல்லும். அந்தப் பூட்டை நீ இருபதாண்டுகளாகக் கேலி செய்தவள். அதைப் பற்றி இப்போது மூன்று கேள்விகள் கேட்கிறாய். மூன்றும் பூட்டு தாங்கியதா என்பதைப் பற்றியவை. "இரண்டாம் முறை" என்று நீ எழுதியிருப்பதை நான் அடிக்கோடிட்டிருக்கிறேன். சும்மா கேட்பவர்கள் இரண்டாம் முறையைப் பற்றிக் கேட்பதில்லை.

ஆகவே நேராகக் கேட்கிறேன். நீ கேட்காதே என்று சொன்னதை மீறுகிறேன் என்பது தெரியும். அக்டோபர் 20 காலை, கொட்டகை வாசலில் நீ நின்றபோது உன் கையில் என்ன இருந்தது?

நான் உன் அண்ணன். வழக்குத் தொடுப்பவன் அல்லன். எந்தப் பதிலாக இருந்தாலும், உன்மேல் எனக்குள்ள அன்பு அதைப் பொறுத்ததன்று. கிறிஸ்துமஸுக்குள் பதில் வராவிட்டால், நீ சொல்ல விரும்பவில்லை என்று எடுத்துக்கொண்டு மறுபடி கேட்கமாட்டேன்.

ஹார்லன்


டிரை ஃபோர்க்
ஜனவரி 2, 2016

அண்ணா,

கிறிஸ்துமஸ் போய்விட்டது. நான்கு முறை எழுதி அடுப்பில் போட்டேன். இதையும் அடுப்பில் போடுவதற்குள் தபால் வண்டி வந்துவிட வேண்டும்.

உன் துப்பாக்கி இருந்தது.

அதற்கு இரண்டு வாரம் முன்னால் லெலண்டின் குதிரைக் கொட்டகையில் திருடன் புகுந்தது உனக்குத் தெரியும். சேணத்தை எடுத்துக்கொண்டு, தடுத்தவரைத் துப்பாக்கிக் கட்டையால் தலையில் அடித்துவிட்டுப் போனான். அன்று காலை கதவு கிறீச்சிட்டது. எழுந்தேன். உன் அறைக் கதவு சாத்தியிருந்தது, நீ தூங்குவதாக நினைத்தேன். சமையலறைக்கு வந்தால் பின்கதவு ஆணியில் ராய்ஸின் கோட்டு இல்லை. அண்ணா, அந்த ஆணி காலியாக இருந்து இரண்டு வருஷத்தில் நான் பார்த்ததில்லை. எவனோ வீட்டுக்குள் வந்து போயிருக்கிறான். என்னுடையது உன்னிடம் இருந்தது. ஃபிரிட்ஜ் மேல் உன்னுடையது இருந்தது. எடுத்துக்கொண்டு ஓடினேன்.

கொட்டகைக்குள் ராய்ஸின் கோட்டைப் போட்டுக்கொண்டு ஒருவன். முதுகு தெரிந்தது. திரும்பினான். கையில் கறுப்பாக, பிடியும் குழலுமாக ஏதோ ஒன்று என் பக்கம் நீண்டது. முகம் தெரியவில்லை. வீட்டுக்குள் போனவன் உன்னை என்ன செய்துவிட்டு வந்தானோ என்றுதான் நினைத்தேன். அந்த ஒரு நினைப்புதான் இருந்தது. விசையை அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அழுத்தினேன்.

அப்போது நீ, "காபி வெச்சாச்சா?" என்றாய்.

பூட்டு இருப்பதே எனக்கு நினைவில்லை. என் கட்டைவிரலுக்கு அந்த வேலை தெரியாது. எடு, நீட்டு, அழுத்து. அது மட்டும்தான் என் கைக்குத் தெரியும். அன்று என் கையில் என் துப்பாக்கி இருந்திருந்தால் நீ இல்லை. ஒரு பந்தயத்தால் உயிரோடு இருக்கிறாய்.

சனிக்கிழமைகளில் பெண்களுக்குத் துப்பாக்கி வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன் இல்லையா. முதல் நாள் கரும்பலகையில் நான் எழுதும் முதல் வரி, 'எதிரே இருப்பது யார் என்று தெரியாமல் விசையைத் தொடாதே.' இரண்டாவது வரி, 'அடுத்தவர் கையிலிருந்து வாங்கியதைத் திறந்து பார்க்காமல் நம்பாதே.' நீ, "முழுத் தயார் நெலைல இருக்கு" என்று சொல்லி வைத்தாய். நான் திறந்து பார்க்கவில்லை. இரண்டு வரியையும் ஒரே நிமிஷத்தில் மிதித்தேன். அக்டோபரிலிருந்து வகுப்புக்குப் போகவில்லை. கால் வலி என்று சொல்லிவிட்டேன்.

நீ மறுபடி இந்த வீட்டில் தூங்கினால், காலையில் ஏதாவது ஒரு கதவு சத்தம் போட்டால், நான் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியாது. அதனால்தான் வராதே என்றேன். இப்போது புரிந்துகொள்.

நோரீன்


ஹோல்கேட்
ஜனவரி 9

அன்பு நோரீன்,

உன் கடிதம் நேற்று வந்தது. இரவல் துப்பாக்கியைப் பற்றி உனக்கு ஒரு உண்மையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் உன்னைத் தேற்றுவதற்காகப் பொய் சொல்கிறேன் என்று நீ நிச்சயம் நினைப்பாய். ஆகவே இன்று காலை, பொதுச் சான்றாளர் முன்னிலையில், உண்மைக்கு மாறாகச் சொன்னால் தண்டனைக்கு உட்படுவேன் என்ற உறுதிமொழியுடன் ஒரு பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்திட்டேன். இணைத்துள்ளேன். அதன் சாரம் வருமாறு.

அந்தத் துப்பாக்கியின் குழலில் தோட்டா இல்லை.

பூட்டு உன்னைத் தடுக்கவில்லை. பூட்டு போடப்படவேயில்லை. சுத்தியல் கீழே, அடங்கிய நிலையில் இருந்தது. அந்த நிலையில் அந்த வகைத் துப்பாக்கியில் பூட்டைப் போடவும் இயலாது. எட்டுத் தோட்டாக்களும் பிடிக்குள்ளிருக்கும் மேகசினில்தான் இருந்தன. மேல்பகுதியைப் பின்னால் இழுத்து விட்டாலொழிய ஒன்றும் குழலுக்கு ஏறாது. நீ இரண்டு முறை அன்று, இருநூறு முறை அழுத்தியிருந்தாலும் நான் காபி கேட்டிருப்பேன். நீ என்னை வெளியேற்றிய அன்று பெட்டியில் வைக்கும்முன் திறந்து பார்த்தேன். நான் வைத்தபடியே இருந்தது.

நீ கவனித்திருக்க வேண்டும் என்று தோன்றும். கவனித்திருக்கமாட்டாய். உன்னுடையதில் வெளியே தெரியும் சுத்தியல் கிடையாது. உயர்ந்திருக்கிறதா, அடங்கியிருக்கிறதா என்று அந்த இடத்தைப் பார்க்கும் பழக்கம் உன் கண்ணுக்கு எங்கிருந்து வரும்? கட்டைவிரலுக்கு இல்லாத வேலை கண்ணுக்கும் இல்லை. அதன்பிறகு நீ அதைத் தொடவில்லை. என் பெருமைப் பேச்சை நம்பி, பூட்டுதான் காத்தது என்று முடிவு கட்டிவிட்டாய்.

இப்போது கடினமான பகுதி. நவம்பர் 29 கடிதத்தில், எப்போதும் தோட்டா ஏற்றிப் பூட்டு போட்டே வைப்பதாக எழுதினேன். பொய். 2012 மார்ச் வரை அப்படி வைத்தேன். அந்த மாதத்தில் ஒரு ஞாயிறு மதியம், சமையலறையில் நின்று சுத்தியலை மெதுவாக இறக்க முயன்றபோது, மூட்டுவாதம் பிடித்த என் கட்டைவிரல் நழுவியது. என் பாத்திரம் கழுவும் இயந்திரத்தைச் சுட்டுவிட்டேன். நெற்றிப்பொட்டில் விழுந்தது, உடனே உயிர் போயிற்று. எடுத்துப்போக வந்தவன் துளையைப் பார்த்துவிட்டு, "என்ன சார், தட்டு சுத்தமா கழுவலையா?" என்று கேட்டான். உன்னிடமும் கழகத்திலும் அது பழசாகி நின்றுபோனது என்று சொன்னேன். அதிலிருந்து குழலில் தோட்டா ஏற்றி வைப்பதில்லை. ஏற்றினால் இறக்க என் விரலை நம்ப முடியாது. ஆனால் வெர்லின் முன்னால் ஒப்புக்கொள்ள மனமில்லை. உன் முன்னால் அதைவிட இல்லை. இரும்பை விட்டுவிடும் வயது வந்துவிட்டது என்று நீ சொல்வாய், அது சரியாகவும் இருக்கும்.

அந்த வெட்கத்தின் விலையைப் பார். 'முழுத் தயார் நிலை' என்று சொல்லி உன்னிடம் ஒன்றை வைத்தேன். அன்று கொட்டகையில் லெலண்டை அடித்தவனே நின்றிருந்தால், நீ இரண்டு முறை அழுத்தி ஒன்றும் நடக்காமல் நின்றிருப்பாய், அவன் நின்றிருக்கமாட்டான். நேற்றிலிருந்து நான் திரும்பத் திரும்ப எண்ணுவது அதைத்தான். மறுபரிசீலனைக்கான அவகாசம் என்று அந்தப் பூட்டைப் பற்றி எழுதினேனே, அதைத் திரும்பப் பெறுகிறேன். என்னைக் காத்தது இரும்பும் இல்லை, பூட்டும் இல்லை. என் பயமும், அதை மறைத்த என் பொய்யும்.

உன்னை நான் விடுதலை செய்யவில்லை. நீயும் அதை விரும்பமாட்டாய். முகம் தெரியாமல் அழுத்தினாய். அந்தத் தவறு நடந்தது, அது உன்னுடையது. ஆனால் நீ மூன்று மாதங்களாகச் சுமந்தது அதையன்று. என் உயிருக்கும் சாவுக்கும் இடையே ஒரு நகத்தின் அளவே இருந்தது என்ற எண்ணத்தைச் சுமந்தாய். அந்தச் சுமை பொய். இறக்கி வை.

இன்னொன்று. திருடன் என்னை என்ன செய்தானோ என்று நினைத்து அழுத்தியதாக எழுதினாய். அந்த வரியை நான் எத்தனை முறை படித்தேன் என்பதைப் பிரமாணப் பத்திரத்தில் சேர்க்கவில்லை.

பிப்ரவரி 10 அன்று வரலாமா? மறுபடி கேட்கிறேன்.

ஹார்லன்


டிரை ஃபோர்க்
ஜனவரி 24

அண்ணா,

உன் பிரமாணப் பத்திரம் வந்த அன்று தபால் பெட்டிப் பக்கத்திலேயே வண்டியை நிறுத்திப் படித்தேன். முதலில் அழுதேன். பிறகு பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்கு வந்தேன். சிரித்த சிரிப்பில் வண்டியின் ஹாரன்மேல் சாய்ந்துவிட்டேன். லெலண்ட் வேலிக்கு ஓடிவந்து, "என்னம்மா, யாராவது செத்துட்டாங்களா?" என்றார். "ஆமா, ஒரு மெஷினு, நாலு வருஷம் முன்னாடி" என்றேன். எதுவும் கேட்காமல் தொப்பியைக் கழற்றினார்.

பிறகு கோபம் வந்தது. இரண்டு நாள் இருந்தது. திருடனாக இருந்திருந்தால் நான் காலி. ஒரு வழக்கறிஞர் வாயால் "தயார் நெலை" என்று சொன்னதை நம்பினேன். எனக்கு நன்றாக வேண்டும். உனக்கும் நன்றாக வேண்டும். நீ என்னைச் சாகக் கொடுக்க இருந்தாய், நான் உன்னைக் கொல்ல இருந்தேன், இரண்டும் நடக்கவில்லை. நமக்கு இதற்குமேல் எதற்கு ஆசை?

அன்றிரவு ஒன்பது மணிக்குப் படுத்தேன், காலை ஆறுக்குத்தான் கண் விழித்தேன். அக்டோபருக்குப் பிறகு அப்படித் தூங்கியதில்லை.

கட்சி மாறிவிட்டேன் என்று நினைக்காதே. பாலிமர்தான். என் துப்பாக்கியாக இருந்திருந்தால் நீ இல்லை என்பது துப்பாக்கியின் குறை இல்லை. அது செய்ய வேண்டியதைச் செய்திருக்கும். நான்தான் செய்யக்கூடாததைச் செய்தேன். நீ உன் இரும்பை வைத்துக்கொள். ஆனால் வெர்லினிடம் விரலைப் பற்றிச் சொல்லிவிடு. அவன் மருந்துக்கடைக்காரன்தானே, விரலுக்கு ஏதாவது வைத்திருப்பான்.

உன் நிபந்தனையை நீ எழுதவில்லை, என்னுடையது இது. இந்த வீட்டில் இருக்கும்வரை இரண்டும் ராய்ஸின் இரும்புப் பெட்டியில், தோட்டா வேறு அறையில். விடியற்காலையில் வெளியே போவதானால் என்னை எழுப்பிச் சொல்லிவிட்டுப் போ. என் தூக்கத்தைப் பற்றிக் கவலைப்படாதே.

நேற்று சனிக்கிழமை வகுப்புக்குப் போனேன். ஒன்பது பெண்கள். கரும்பலகையில் அந்த முதல் வரியை எழுதிவிட்டு, சாக்பீஸைக் கீழே வைத்தேன். "இந்த வரிய இருபது வருஷமா எழுதறேன். போன அக்டோபர்ல எங்க அண்ணனப் பாத்து ரெண்டு தடவ விசைய அழுத்தினேன். மொகம் பாக்காம" என்றேன்.

முன்வரிசையில் புதிதாக வந்த பள்ளி ஆசிரியை ஒருத்தி, கையை உயர்த்தலாமா வேண்டாமா என்று பாதி உயர்த்தி, மெல்லக் கேட்டாள்.

"இப்ப அவரு எங்க இருக்காரு?"

"நெப்ராஸ்கால. பிப்ரவரி பத்தாம் தேதி வர்றாரு" என்றேன்.

நோரீன்